எழுத்து முந்தியா, தாலி முந்தியா? ஆஸ்திரேலியக் கல்யாணத்துக்கு மூன்று வழிகள்

சிட்னி, மெல்பர்ன் பக்கத் தமிழ் வீடுகளில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, சமையல்காரரையும் பிடித்த பிறகுதான் யாராவது ஒரு மாமா கேட்பார்: "எழுத்து எப்ப?" யாழ்ப்பாணத்தார் எழுத்து என்பதைச் சென்னைக்காரர்கள் ரெஜிஸ்ட்ரேஷன் என்கிறார்கள். குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் முதலில் தாலி கட்டுகிறோம். பிறகு 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்ப் பதிகிறோம். நடந்த கல்யாணத்தை அரசுக்குச் சொல்வதுதான் அங்கே பதிவு. ஆஸ்திரேலியாவில் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் வேறு வழியில் போகிறது. அரசு அனுமதி பெற்ற ஒருவர் முன்னின்று நடத்துவதுதான் கல்யாணம். அனுமதியில்லாத ஐயர் ஆயிரம் பேர் முன்னால் ஹோமம் வளர்த்துத் தாலி கட்ட வைத்தாலும், சட்டத்தின் கண்ணில் அது நல்லதொரு விருந்து மட்டும்தான். 'இப்ப கட்டிக்கலாம், அப்புறம் பதிஞ்சுக்கலாம்' என்ற ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. மறுபக்கம், ஊரில் முறைப்படி கல்யாணம் முடித்து வந்தவர்கள் இங்கே மறுபடி பதிய வேண்டியதில்லை, பதியவும் முடியாது. ஊர்ச் சான்றிதழே போதும்.

அனுமதி பெற்றவர் என்றால் மூன்று வகை: சிவில் செலிப்ரண்ட் (கல்யாணம் நடத்தி வைப்பதைத் தொழிலாகச் செய்யும் தனிநபர்), அரசுப் பதிவகம், அனுமதி உள்ள குருக்கள் அல்லது பாதிரியார்.

யாரிடம் போனாலும் முதல் படி ஒன்றுதான். திருமண உத்தேச அறிவிப்புப் படிவத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்பாகக் கொடுக்க வேண்டும். அது 18 மாதம் வரை செல்லும். பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட் வேண்டும்; முன்பு மணமானவர் என்றால் விவாகரத்து ஆணையோ இறப்புச் சான்றிதழோ வேண்டும். பெற்றோர் பிறந்த நாடு, தாயின் பிறந்தகத்துப் பெயர் எல்லாம் கேட்பார்கள். அம்மாவுக்கு அந்தக் காலத்தில் எந்த இனிஷியல் என்று ஊருக்கு போன் போட்டுக் கேட்ட வீடுகள் உண்டு. நம்மவர்களுக்கு அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக நிற்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. படிவத்தை நிரப்பும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு மாத அவகாசத்தைக் குறைக்க வழி இருக்கிறது. வேலை, பயணம், உடல்நலம், ஏற்கெனவே செய்துவிட்ட கல்யாண ஏற்பாடு போன்ற காரணங்களை அதற்கென உள்ள அதிகாரி ஏற்க வேண்டும். நல்ல முகூர்த்தம் இப்போதுதான் அமைந்தது என்பது தானாக எடுபடும் என்று நம்பியிருக்காதீர்கள்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம்.

பதிவகத்தில் வேலை சுருக்கமாக முடியும். மெல்பர்னில் அது பழைய கருவூலக் கட்டடத்தில் இருக்கிறது; படிக்கட்டில் நின்று எடுத்த படமே ஒரு ஆல்பத்துக்குப் போதும். ஆனால் நேரம் அவர்கள் கொடுப்பது, இடமும் அவர்களுடையது, உள்ளே விடும் ஆட்களுக்கும் கணக்கு உண்டு. பெரியப்பாவை விட்டுவிட்டுச் சித்தப்பாவை அழைத்துப் போய்விட்டு அப்புறம் வீட்டில் அமைதியாக இருக்க முடியுமா?

செலிப்ரண்ட் 1973இல் வந்த ஏற்பாடு. தேவாலயமும் வேண்டாம், அரசு அலுவலகமும் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவழியாக அன்றைய அட்டர்னி ஜெனரல் லயனல் மர்ஃபி கொண்டுவந்தார். இன்று ஆஸ்திரேலியாவில் பத்துக் கல்யாணத்தில் எட்டு இவர்கள் நடத்துவதுதான். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றாலும் சட்டம் தடுக்காது: வீட்டு வரவேற்பறை, கடற்கரை, விடிகாலை நான்கரை, எதுவும் சரி. (லண்டன் உறவினர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். இங்கிலாந்தில் செலிப்ரண்ட் நடத்துவதற்குச் சட்ட மதிப்பு இல்லை.) கட்டணத்தை அவரவரே வைத்துக்கொள்கிறார்கள், அதனால் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிடுவது நல்லது. கையெழுத்து மட்டும் போதும், பேச்சு வேண்டாம் என்றால் பலர் குறைத்தும் வாங்குவார்கள்.

பேச்சு வேண்டாம் என்றாலும் சில வார்த்தைகளைத் தவிர்க்க முடியாது. திருமணம் என்பது இருவர் மட்டும், மனமுவந்து, ஆயுளுக்கும் சேர்வது என்று செலிப்ரண்ட் சொல்லியாக வேண்டும். சட்டம் சொல்லும் உறுதிமொழியை மணமக்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆவது அந்த வார்த்தையில்தான். கையெழுத்து அதற்குப் பிந்திய அத்தாட்சி. 18 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் போதும், அம்மா அப்பாவே நிற்கலாம். ஒருவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டும்.

2024 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மணமக்கள் ஒவ்வொருவரையும் செலிப்ரண்ட் தனியாக, நேரில் சந்தித்துச் சம்மதம் கேட்க வேண்டும். "எங்களை ஏன் வெளியே உட்கார வைக்கிறார்கள்?" என்று சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். கட்டாயக் கல்யாணம் ஆஸ்திரேலியாவில் 2013 முதல் குற்றம். ஐந்து நிமிடம் வெளியே காப்பி குடிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அனுமதி உள்ள குருக்கள் கிடைத்தால் மேடை, சட்டம், தேதி மூன்றும் ஒன்றாகிவிடும். சமய முறைப்படியே நடக்கும், தாலி கட்டிய நாளே சான்றிதழில் ஏறும். மனசுக்கு இதுதான் நிறைவு. ஆனால் எல்லாக் குருக்களுக்கும் அனுமதி கிடையாது. கோயிலில் இருபது வருடம் பூசை செய்பவர் என்பது அதற்கு ஆதாரமாகாது. அட்டர்னி ஜெனரல் துறையின் இணையப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சிக்கல், படிவ வேலை. மந்திரத்தில் தேர்ந்தவர் எல்லாரும் காகிதத்தில் தேர்ந்தவர் இல்லை. கல்யாணம் முடிந்து 14 நாளுக்குள் ஆவணங்கள் பதிவகத்துக்குப் போக வேண்டும், அதை நீங்களே நினைவுபடுத்த வேண்டிவரலாம்.

என் ஓட்டு செலிப்ரண்டுக்கு. அதுவும் முகூர்த்த மேடையில் வேண்டாம். கெட்டிமேளத்துக்கும் அட்சதைக்கும் நடுவே ஒருவர் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் சட்ட வாசகம் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். பந்தியில் இலை போட்டவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் முன்னால், வீட்டில், பத்துப் பேருடன் முடித்துவிடலாம். கோயில் கல்யாணத்தை அனுமதி இல்லாத ஐயர் தாராளமாக நடத்தலாம். அவர் அனுமதி உள்ளவர் என்றால், ஏற்கெனவே எழுத்து முடிந்ததை அவரிடம் சொல்லிச் சான்றிதழைக் காட்ட வேண்டும், ஏனென்றால் சட்டப்படி இரண்டாம் முறை கட்டி வைக்க அவரால் முடியாது. சான்றிதழில் எழுத்து நாள்தான் நிற்கும். கல்யாண நாள் எது என்ற சண்டையை வருடா வருடம் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வரிசை வேறு. மணமகளோ மணமகனோ 300 பிரிவு விசாவில் (கல்யாணம் நிச்சயமானவர்களுக்கானது) வருவதாக இருந்தால், ஆஸ்திரேலியாவில் கால் வைக்கும் முன் சட்டப்படி கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. பாட்டிக்கு முடியவில்லை, ஊரிலேயே தாலியைக் கட்டிவிடலாம் என்று யாராவது ஆரம்பித்தால், ஐயரைக் கூப்பிடும் முன் விசா வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

அன்றைக்குக் கையில் தரும் அலங்காரச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டலாம். பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற அது உதவாது. மாநிலப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத்தில் தனியாகப் பணம் கட்டி வாங்குவதுதான் அதற்குச் செல்லும். தேன்நிலவு டிக்கெட்டைப் புதுப் பெயரில் எடுத்துவிடாதீர்கள்.