பாரிஸ் கோதிக் தேவாலயங்களுக்குத் தனி வழிகாட்டி வைக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாங்கள் நான்கு பேர், ஒரு நாள், மூன்று தேவாலயம், 820 யூரோ. காலையில் பாரிஸின் நோட்ரே டாம், அடுத்து சான்த் ஷப்பெல், மதியத்துக்கு மேல் காரில் ஷார்த்ர் பேராலயம் என்று இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒரு தனி வழிகாட்டிச் சேவைக்குப் போன பணம் இது. பெயரை இங்கே எழுதவில்லை. இதே வாசகத்தோடு வேறு பலரும் விற்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நல்லவர்கள் என்று ஆகிவிடும்.

முதலில் பில். வழிகாட்டிக் கட்டணம் 360 யூரோ. "நோட்ரே டாம் முன்னுரிமை நுழைவு" ஆளுக்கு 30 வீதம் 120. "சான்த் ஷப்பெல் வரிசையில்லா டிக்கெட்" ஆளுக்கு 40 வீதம் 160. கார் 180. இதில் 360-ஐ விடுங்கள், அது கேட்பவர் விலை. இரண்டாவதும் மூன்றாவதும்தான் கவனிக்க வேண்டியவை.

நோட்ரே டாமுக்குள் போகக் கட்டணமே கிடையாது. 2019 ஏப்ரல் 15-ல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தபோது கூட்டத்தைச் சமாளிக்க நேரம் குறித்த முன்பதிவைக் கொண்டுவந்தார்கள். அதுவும் இலவசம், கட்டாயமும் இல்லை. பேராலயத்தின் சொந்த இணையதளத்தில் தனிநபர் முன்பதிவு அன்றைக்கும் அடுத்த இரண்டு நாட்களுக்கும் மட்டுமே திறக்கும். பதிவு செய்யாதவர்களுக்கென்று இன்னொரு வரிசை உண்டு. நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆக, "உங்கள் நேரத்தை ஒரு மாதம் முன்பே பிடித்து வைத்துவிட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியே போதும், விஷயம் சரியில்லை என்று தெரிந்துகொள்ள. கடைசியில் கைக்கு வந்தது யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் எடுக்கக்கூடிய அதே இலவசத் தனிநபர் அனுமதிதான்.

நோட்ரே டாமில் காசு கட்ட வேண்டியவை வேறு. புனிதப் பொருட்களை வைத்திருக்கும் கருவூலத்துக்குத் தனிக் கட்டணம். கோபுரங்கள் 2025 செப்டம்பரில் திரும்பத் திறந்தன. அவற்றுக்குத் தனி டிக்கெட், 424 படி ஏற வேண்டும். "கோபுரமும் சேர்த்து" என்று யாராவது சொன்னால் நாளும் நேரமும் உள்ள அந்த டிக்கெட்டை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த கோளாறு வாசலில். வழிகாட்டி முன்சதுக்கத்தில் நின்று ஐம்பது நிமிடம் பேசினார். பிறகு, "உள்ளே பேச அனுமதியில்லை, நீங்கள் ஒரு சுற்றுப் போய்வாருங்கள், நான் வெளியே நிற்கிறேன்" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். பூசை நடக்கும்போது விளக்கவுரை கூடாது என்பது சரி, அது மரியாதையும்கூட. ஆனால் பூசையில்லாத நேரத்தில், கையில் தொழில்முறை அட்டை உள்ள வழிகாட்டி உள்ளே வர ஏன் தயங்க வேண்டும்? பிரான்சில் அருங்காட்சியகங்களிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் சுற்றுலா நிறுவனம் விற்கும் வழிகாட்டுதலுக்குத் தகுதி பெற்ற வழிகாட்டியைத்தான் அமர்த்த வேண்டும் என்று சுற்றுலாச் சட்டமே சொல்கிறது. அந்தத் தகுதிக்குப் பெயர் "கீத் கான்ஃபெரான்சியே". பிரெஃபெக்சர் என்னும் மாவட்ட அரசு அலுவலகம் தரும் அட்டை, பெயரும் புகைப்படமும் இருக்கும். அட்டையைக் கேட்டபோது எங்கள் வழிகாட்டி காட்டியது கழுத்தில் தொங்கிய நிறுவனத்தின் சொந்த அடையாள அட்டையை.

அந்த ஐம்பது நிமிடப் பேச்சும் சரக்கில்லாதது. முகப்பில் வரிசையாக நிற்கும் 28 சிலைகளைக் காட்டி "பிரான்சின் அரசர்கள், 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பம்" என்றார். அவை விவிலியத்தில் வரும் யூதா நாட்டு அரசர்கள். பிரான்சின் அரசர்கள் என்று தப்பாக நினைத்துத்தான் புரட்சிக்காரர்கள் 1793-ல் அவற்றைக் கீழே தள்ளித் தலையை எடுத்தார்கள். இப்போது மேலே நிற்பவை 19-ஆம் நூற்றாண்டில் செய்து வைத்தவை. பழைய தலைகளில் 21, 1977-ல் பாரிஸில் மண்ணுக்கடியில் கிடைத்தன. அவை க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, நடந்தே போகலாம். மேல்மாடத்தில் கன்னத்தில் கைவைத்து ஊரைப் பார்க்கும் கொம்புப் பூதத்தையும் "இடைக்காலத்துக் கார்கோயில்" என்றார். கார்கோயில் என்றால் மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளித் துப்பும் தூம்பு, நம் கோயில் கோமுகி மாதிரி. வாயில் நீர் வராத அந்தப் பூதங்கள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-தியுக் என்ற கட்டடக் கலைஞர் சேர்த்த அலங்காரம். இரண்டுமே அங்கே முதல் நாள் பாடம்.

சான்த் ஷப்பெல்லில் ஏமாற்று வேறு விதம். இங்கே டிக்கெட் உண்மையிலேயே வேண்டும், நேரமும் குறித்திருக்கும். ஆனால் இந்தத் தேவாலயம் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் எல்லோரும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதைத் தாண்டவைக்கும் டிக்கெட்டை யாராலும் விற்க முடியாது. கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடி பாட்டில் எதுவும் உள்ளே போகாது. ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்களுக்கு வந்தது முழு டிக்கெட் இல்லை, கியூஆர் கட்டம் மட்டும் தெரியும்படி வெட்டிய படம். காரணம் பிறகுதான் புரிந்தது: டிக்கெட்டில் விலையும் நேரமும் அச்சாகியிருக்கும். நேரம் 11 மணி. எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது 11.50-க்கு. வாசலில் இருந்தவர் பெருந்தன்மையாக விட்டதால் பிழைத்தோம். டிக்கெட்டை முழு பிடிஎஃப் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். அதைவிட, சின்னங்களைப் பராமரிக்கும் அரசு அமைப்பின் தளத்தில் நீங்களே எடுத்துவிடுங்கள். விலை அவ்வப்போது மாறுகிறது, ஐரோப்பியர் அல்லாதவருக்கு வேறு விலை வைப்பதும் உண்டு என்பதால் பழைய வலைப்பதிவில் போட்ட தொகையை நம்ப வேண்டாம்.

இங்கே இன்னொரு குழப்பம், நம் ஆட்களுக்கு மட்டும் வருவது. பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள பகுதி லா ஷப்பெல். சான்த் ஷப்பெல் அது இல்லை. உறவினர் வீட்டில் அந்தப் பக்கம் தங்கியிருந்தால் "கார் து நோர்" ரயில் நிலையத்தில் மெட்ரோ 4-ஆம் தடம் ஏறி, சேன் ஆற்றின் நடுவே தீவில் உள்ள சித்தே நிலையத்தில் இறங்குங்கள். இரண்டு தேவாலயங்களும் அந்தத் தீவிலேயே. காரும் வேண்டாம், "ஹோட்டலில் வந்து அழைத்துக்கொள்ளும்" கட்டணமும் வேண்டாம்.

உள்ளே போனதும் முதலில் வருவது கீழ்த்தளம். தாழ்ந்த கூரை, நீலமும் பொன்னுமாகப் பூச்சு. அந்தப் பூச்சு 19-ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பு. "800 ஆண்டாக அப்படியே இருக்கிறது" என்று எங்களுக்குச் சொன்னார்கள். தூண்களை நெருங்கிப் பார்த்தால் ஒன்றில் அல்லி மலர், அடுத்ததில் சிறு கோட்டை என்று மாறி மாறி வரும். அல்லி பிரெஞ்சு அரசருடையது. கோட்டை இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்தீல் நாட்டுச் சின்னம், இந்தத் தேவாலயத்தைக் கட்டிய அரசர் ஒன்பதாம் லூயியின் தாய் பிளான்ஷ் பிறந்த வீடு. இதைச் சொல்லாமல் கடந்து போகிறவருக்கு எதற்குக் கூலி?

மேல்தளத்துக்கு மூலையில் உள்ள குறுகிய சுழல் படி. அங்கேதான் எல்லாமே: சுமார் 15 மீட்டர் உயரமுள்ள 15 சாளரங்கள், வண்ணக் கண்ணாடியில் 1,113 காட்சிகள், மூன்றில் இரண்டு பங்கு கண்ணாடி 13-ஆம் நூற்றாண்டுடையது. 1248-ல் அபிஷேகம் ஆன கட்டடம். நோட்ரே டாமைப் போல வெளியே நின்று சுவரைத் தாங்கும் அரைவளைவுகள் இதற்கு இல்லை. பிறகு எப்படி நிற்கிறது? சுவர் நெடுக இரும்புப் பட்டைகளால் கட்டியிருக்கிறார்கள். சாளரத்தைக் குறுக்காக வெட்டும் கம்பிகளுக்கிடையே அவை மறைந்து போகின்றன. விரல் நீட்டி ஒருவர் காட்டினால்தான் கண்ணில் படும். காட்சிகளைக் கீழிருந்து மேலாக, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். எங்கள் வழிகாட்டி மேலே ஏறி ஐந்தே நிமிடத்தில் "கிறிஸ்துவின் முள்முடி இங்கேதான் இருக்கிறது" என்று முடித்துக்கொண்டார். அந்த முடிக்காகக் கட்டியது உண்மை. இப்போது அது இருப்பது நோட்ரே டாமில், காலையில் எங்களைத் தனியாக அனுப்பிவைத்த அதே இடத்தில்.

ஷார்த்ர் பாரிஸிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். மூன்றையும் ஒரே நாளில் அடக்குவதே கணக்குக்கு ஒத்துவராது. காலை இரண்டு தேவாலயம், சாப்பாடு, நகரத்தைவிட்டு வெளியேறும் நெரிசல் என்று கூட்டிப் பாருங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது மாலை 4.40, கிளம்பச் சொன்னது 5.25. 176 சாளரம், சுமார் 2,600 சதுர மீட்டர் கண்ணாடி, முக்கால் மணி நேரம். விளம்பரத்தில் இருந்த "நிலவறை" பார்க்க முடியவில்லை. அங்கே குறித்த நேரத்தில் பேராலயத்தின் சொந்த வழிகாட்டியோடுதான் இறங்கலாம், அன்றைய சுற்று முடிந்திருந்தது. "புதிர்ப்பாதையில் நடத்தல்" என்றும் போட்டிருந்தார்கள். தரையில் பதித்த, சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள அந்தக் கல் வட்டத்தின் மேல் வாரம் முழுக்க நாற்காலி போட்டிருக்கும். தவக்காலம் தொடங்கி நவம்பர் 1 வரை வெள்ளிக்கிழமைகளில்தான் எடுப்பார்கள். நாங்கள் போனது செவ்வாய். ஷார்த்ரைத் தெரிந்தவர் யாரும் செவ்வாய்க்கிழமைக்கு அதை விற்கமாட்டார்.

போவதானால் ரயிலே நல்லது. மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம், சற்றுக் கூடலாம். இறங்கி நடந்தே போய்விடலாம். மேற்கு முகப்பின் மூன்று நீள்சாளரங்கள் 1194-ஆம் ஆண்டுத் தீயில் தப்பிய 12-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. பிற்பகல் வெயில் அவற்றின் மேல் விழும்போது உள்ளே இருக்க வேண்டும். கிழக்குக் கோடிச் சாளரங்களுக்குக் காலை வெயில். ஆகவே காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்து மாலைவரை இருங்கள். 8 மடங்கு பெருக்கும் சிறு தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் வழிகாட்டி செய்யும் பாதி வேலையை அதுவே செய்யும். அதை வைத்து வடக்கு ரோஜா சாளரத்தை, அதாவது பூப்போல விரிந்த பெரிய வட்டச் சாளரத்தை, சுற்றிப் பாருங்கள்: சான்த் ஷப்பெல் தூணில் பார்த்த அதே அல்லியும் கோட்டையும் அங்கேயும் இருக்கும்.

சரி, நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது. அட்டையின் படம் கேளுங்கள். தனியாகத் தொழில் செய்பவர் என்றால் சிரெத் என்னும் 14 இலக்க வணிகப் பதிவு எண் இருக்கும், நிறுவனமென்றாலும் இருக்கும். பிரெஞ்சு அரசின் நிறுவனப் பதிவேட்டில் இணையத்திலேயே இலவசமாகச் சரிபார்க்கலாம். தேசிய வழிகாட்டிகள் கூட்டமைப்பின் பட்டியலிலும் தேடலாம். பிறகு மூன்று கேள்வி. நோட்ரே டாமில் எந்த ரோஜா சாளரத்தில் பழைய கண்ணாடி அதிகம் மிஞ்சியிருக்கிறது? வடக்கு. நோட்ரே டாம் நடுக்கூடத்தின் வளைகூரைக்கும் ஷார்த்ருடையதற்கும் என்ன வித்தியாசம்? முன்னதில் ஒரு கட்டத்தை விலாவளைவுகள் ஆறாகப் பிரிக்கும், பின்னதில் நான்காக. நோட்ரே டாமில் நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டும் குறுக்குக்கூடத்தை ஒட்டி மட்டும் மேலே சிறு வட்டத் துளைகள் ஏன்? 12-ஆம் நூற்றாண்டில் சுவர் நான்கு அடுக்காக இருந்ததைக் காட்ட 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை மட்டும் பழையபடி கட்டினார்கள். உரிமமுள்ள வழிகாட்டிக்கு இவை வாயில் நிற்கும் பதில்கள். "நேரில் சொல்கிறேன்" என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பணம் கட்டும் விதம் எல்லாவற்றையும்விட முக்கியம். எங்களிடம் பாதியை பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" வகையில் அனுப்பச் சொன்னார்கள், "கமிஷன் மிச்சம்" என்று காரணம். அந்த வகையில் வாங்குபவர் பாதுகாப்பு இல்லை. கிரெடிட் கார்டில் கட்டுங்கள், அல்லது பேபாலில் "பொருள், சேவை" என்று குறிப்பிடுங்கள். ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாம் என்பது பொதுவிதி. ஆனால் குறித்த தேதிக்குப் பதிவு செய்த பொழுதுபோக்குச் சேவைக்கு அது செல்லாது. ரத்து விதி எழுத்தில் இல்லையென்றால் பணம் போனது போனதுதான். பிரான்சில் 25 யூரோவும் அதற்கு மேலும் ஆகும் சேவைக்கு ரசீது தருவது கட்டாயம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நடந்த பிறகு செய்ய முடிவது கொஞ்சம்தான். விளம்பரப் பக்கத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், டிக்கெட் படம் மூன்றையும் அன்றைக்கே சேமித்துவிடுங்கள். பக்கம் இரண்டு நாளில் மாறிவிடும். பிரெஞ்சு அரசின் நுகர்வோர் புகார்த் தளம் "சின்யால் கான்சோ". இணையதள முகவரியோ சிரெத் எண்ணோ கொடுத்துப் பதியலாம். புகார் நிறுவனத்துக்கும் போகும், வணிக மோசடித் தடுப்புத் துறையின் பார்வைக்கும் போகும். நாங்களும் பதிந்தோம். "முன்னுரிமை நுழைவு" 120-ஐ மட்டும் திருப்பித் தருவதாக நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது, பணம் இன்னும் வரவில்லை. பேபால் 410-ஐ விசாரிக்கவே மறுத்துவிட்டது. மீதி 410-ஐ ஷார்த்ர் போகும் வழியில் காரிலேயே ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள், ரசீது இல்லை.