டிஸ்க்கில் ஹாஷ் டேபிள் வளரும் நான்கு விதம்

ஹாஷ் டேபிள் என்பது தேடும் பெயரை (கீ) ஹாஷ் என்ற எண்ணாக மாற்றி, அந்த எண் காட்டும் இடத்தில் அதற்குரிய தரவை (வேல்யூ) வைக்கும் அட்டவணை. நினைவகத்தில் இருக்கும் ஹாஷ் டேபிள் நிரம்பிவிட்டால் பெரிய கவலை இல்லை. இரண்டு மடங்கு இடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்றிவிட்டுப் பழையதை விட்டுவிடலாம். இதையே 50 ஜிபி கோப்பில் செய்ய முடியாது. ஒரே ஒரு கீயை எழுத வந்த நிரல், மொத்தக் கோப்பும் திரும்ப எழுதப்படும் வரை காத்துக் கிடக்க வேண்டும். அதுவரை பழைய கோப்பும் புதிய கோப்பும் சேர்ந்து டிஸ்க்கில் இடம் பிடித்திருக்கும்.

அதனால்தான் டிஸ்க் ஹாஷ் அமைப்புகளைத் தேடும் வேகத்தை வைத்து ஒப்பிடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. உருப்படியான எந்த அமைப்பும் ஒன்றிரண்டு டிஸ்க் வாசிப்பில் கீயைக் கண்டுபிடித்துவிடும். வித்தியாசம் வளரும்போதுதான் தெரியும். கூடுதல் இடத்துக்கான வேலையை எப்போது செய்கிறது, அந்த வேலையின் நடுவே மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற இரண்டையும் கேட்டால் எதை எடுப்பது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

டைரக்டரி வைத்து வளர்வது

எக்ஸ்டென்டிபிள் ஹாஷிங் 1979-இல் வந்தது. ஃபேகின், நீவர்கெல்ட், பிப்பெஞ்சர், ஸ்ட்ராங் என்ற நால்வர் எழுதிய ஆய்வுக் கட்டுரை அது. யோசனை எளிமையானது. ஹாஷின் முதல் சில பிட்களை எடுத்து ஒரு டைரக்டரியில் பார்க்கிறோம். அங்கிருக்கும் பாயின்ட்டர் (இடங்காட்டி) சரியான பக்கெட்டை, அதாவது பதிவுகள் இருக்கும் டிஸ்க் பெட்டியை, காட்டும். பக்கெட் நிரம்பினால் அதை மட்டும் இரண்டாகப் பிரிக்கிறோம், மற்ற பக்கெட்டுகளைத் தொடுவதே இல்லை. பிரிக்க டைரக்டரியில் பிட் போதவில்லை என்றால் டைரக்டரியை இரட்டிப்பாக்குகிறோம்.

டைரக்டரி பெரிதாகிவிடாதா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 பைட் பதிவுகள் 1 கோடி, பக்கெட் 4096 பைட். ஒரு பக்கெட்டில் 40 பதிவு பிடிக்கும், ஆனால் சராசரி நிரப்பம் 69 சதவீதம்தான் இருக்கும் என்பதால் 28 என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 3.6 லட்சம் பக்கெட் ஆகிறது. 20 பிட் டைரக்டரி என்றால் 10 லட்சத்துச் சொச்சம் பாயின்ட்டர்கள், ஒவ்வொன்றும் 8 பைட், மொத்தம் 8 எம்பி. 1 ஜிபி தரவுக்கு இது ஒன்றுமே இல்லை, முழுசாக நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜிடிபிஎம் என்ற தரவுத்தள நூலகம் இந்த வழியில்தான் போகிறது.

சிக்கல் ஹாஷ் சீராகப் பரவாதபோது வருகிறது. ஒரு பக்கெட்டில் விழுந்த கீகள் எல்லாம் முதல் 25 பிட்டில் ஒத்துப்போனால், அந்த ஒரு பக்கெட்டுக்காக டைரக்டரி இரட்டிப்பாகிக்கொண்டே போகும். முழு ஹாஷும் ஒன்றாக இருக்கும் கீகள் ஒரு பக்கெட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டால் எத்தனை முறை பிரித்தாலும் பிரியாது. மெலிந்த ஹாஷ் ஃபங்ஷனை இந்த அமைப்பு மன்னிக்காது.

இதே குடும்பத்தில் இன்னொன்று, அதே 1979-இல் யூனிக்ஸ் 7ஆம் பதிப்போடு வந்த, கென் தாம்சன் எழுதிய டிபிஎம். பாயின்ட்டர்களே இல்லாமல், ஹாஷ் பிட்களையே நேராகப் பிளாக் எண்ணாக வைத்துக்கொண்டது. அதனால் கோப்பில் ஓட்டைகள் விழும். சாதாரணமாக நகல் எடுத்தால் அந்த ஓட்டைகள் பூஜ்யங்களால் நிரம்பிக் கோப்பு ஊதிவிடும். கீயும் வேல்யூவும் சேர்ந்து ஒரே பிளாக்குக்குள் அடங்கவும் வேண்டும்.

வரிசையாகப் பிரித்து வளர்வது

1980-இல் விட்டோல்ட் லிட்வின் முன்வைத்த லீனியர் ஹாஷிங் எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே டைரக்டரி கிடையாது. நிரம்பிய பக்கெட்டைப் பிரிப்பதற்குப் பதில் வரிசையில் அடுத்து நிற்கும் பக்கெட்டைப் பிரிக்கிறோம். நிரம்பியது தன் முறை வரும் வரை ஓவர்ஃப்ளோ பக்கங்களை (மிஞ்சியதை வைக்கும் கூடுதல் பக்கங்களை) ஒட்டிக்கொண்டு சமாளிக்கும்.

4 பக்கெட்டில் தொடங்கினோம், ஒன்று பிரிந்து இப்போது 5 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0 முதல் 4 வரை. ஹாஷ் 12 என்றால் 8-ஆல் வகுத்த மீதி 4. அந்தப் பக்கெட் இருக்கிறது, அங்கே போகலாம். ஹாஷ் 13 என்றால் மீதி 5. அது இன்னும் பிறக்கவில்லை. அப்போது 4-ஆல் வகுத்த மீதியை எடுக்கிறோம்: 1. எந்தப் பக்கெட் என்று கண்டுபிடிக்க மொத்தம் தேவைப்படுவது, இப்போது எத்தனை பக்கெட் என்ற ஒரே ஒரு எண். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று காகிதத்தில் பத்து தடவை போட்டுப் பார்த்தேன். அவ்வளவு அழகு.

வேலையும் துளித்துளியாக நடக்கிறது. ஒரு முறை எழுதும்போது அதிகபட்சம் ஒரு பிரிப்பு, திடீரென்று எல்லாம் நின்றுபோகும் நேரம் இல்லை.

ஆனால் குறியீடு எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், பக்கெட்டுகள் கோப்பில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஓவர்ஃப்ளோ பக்கங்களுக்கும் அதே கோப்பில் இடம் வேண்டும். இரண்டும் கோப்பின் கடைசியைத்தான் கேட்கும். பெர்க்லி டிபி என்ற தரவுத்தள நூலகத்தின் ஹாஷ் இதை நன்றாகத் தீர்த்தது. பக்கெட்டுகளை இரண்டின் அடுக்குகளாகத் தொகுத்து, தொகுதிகளுக்கு நடுவே ஓவர்ஃப்ளோ பக்கங்களை விட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் எத்தனை பக்கம் போயிருக்கிறது என்று ஒரு சின்ன அட்டவணையைத் தலைப்புப் பக்கத்தில் வைத்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஹாஷ் இன்டெக்ஸும் இதே வழிதான்.

அப்புறம் மின்சாரம். ஒரு பிரிப்பில் குறைந்தது மூன்று பக்கம் மாறும்: பழைய பக்கெட், புதிய பக்கெட், எண்ணிக்கை இருக்கும் தலைப்பு. நான் எழுதிய ஒரு சோதனை நிரலில் தலைப்பை முதலில் எழுதினேன். நடுவில் நிரலை நிறுத்தியதும் பிரிந்த பக்கெட்டின் பாதிக் கீகள் காணோம். உண்மையில் அவை பழைய பக்கெட்டிலேயே பத்திரமாக இருந்தன. தலைப்பு மட்டும் காலியான புதிய பக்கெட்டைக் கைகாட்டிக்கொண்டிருந்தது. புதிய பக்கெட்டை எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்க்கில் உண்மையாகவே போய்ச் சேர்ந்ததை உறுதி செய்து), பிறகு தலைப்பை மாற்றி அதையும் எஃப்சிங்க் செய்து, கடைசியில் பழையதைச் சுத்தம் செய்வதுதான் சரியான வரிசை. அதுகூட ஒரு பக்கம் பாதி எழுதப்பட்டு நிற்கும் ஆபத்திலிருந்து காப்பாற்றாது. அதற்கு, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் லாக் (log) வேண்டும். போஸ்ட்கிரெஸிலேயே 2017-இல் வந்த 10ஆம் பதிப்பு வரை ஹாஷ் இன்டெக்ஸ் மாற்றங்கள் லாகில் போகவில்லை. கணினி திடீரென்று நின்றால் அந்த இன்டெக்ஸைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

வளரவே மறுப்பது

டேனியல் பெர்ன்ஸ்டைன் உருவாக்கிய சிடிபி என்ற வடிவத்தில், கோப்பில் மாற்றமே செய்ய முடியாது. கட்டி முடித்தால் முடிந்தது. தொடக்கத்தில் 2048 பைட் தலைப்பு, அதில் 256 ஹாஷ் டேபிள்களின் இடமும் நீளமும். அடுத்து பதிவுகள், கடைசியில் அந்த டேபிள்கள். பதிவுகளைப் போல் இரண்டு மடங்கு கட்டங்கள் இருப்பதால் தேடல் நீண்டு போகாது. கீ இருந்தால் பொதுவாக இரண்டு வாசிப்பு, இல்லையென்றால் ஒன்றே போதும். ஒரு பதிவுக்கு 24 பைட்தான் கூடுதல் செலவு.

மாற்ற வேண்டுமென்றால் புதிய கோப்பு கட்டி, ரீநேம் செய்து பழையதன் இடத்தில் வைக்கிறோம். படிப்பவர்களுக்குப் பூட்டு (lock) தேவையில்லை, பாதி எழுதிய நிலை கண்ணில் படவே படாது. மூல சிடிபி வடிவத்தில் 32 பிட் இடங்காட்டி என்பதால் 4 ஜிபிதான் எல்லை. தரவு நாளைக்கு ஒரு முறையோ மணிக்கு ஒரு முறையோ மாறுகிறது, அளவும் உள்ளே அடங்குகிறது என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

நினைவகத்தில் மட்டும் வளர்வது

2010-இல் பாஷோ நிறுவனம் தன் ரியாக் தரவுத்தளத்துக்காக உருவாக்கிய பிட்காஸ்க் ஹாஷ் டேபிளை டிஸ்க்கிலிருந்தே எடுத்துவிட்டது. டிஸ்க்கில் இருப்பது கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும் லாக் மட்டும். எந்தக் கீ எந்தக் கோப்பில் எங்கே என்ற டேபிள் நினைவகத்தில் இருக்கிறது. ஒரு தேடலுக்கு ஒரே டிஸ்க் வாசிப்பு. எழுதுவதும் தொடர்ச்சியாகவே நடக்கும். மற்ற அமைப்புகளில் 100 பைட் பதிவை மாற்ற 4096 பைட் பக்கத்தையே திரும்ப எழுதுகிறோம், இங்கே அந்த 40 மடங்கு வீண் இல்லை. கணினி விழுந்தாலும் செக்சம் (பதிவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) சரியாக இருக்கும் வரை லாகைப் படித்து, அதற்குப் பிறகு உள்ள வாலை வெட்டிவிட்டால் போதும்.

விலை ராமில் கொடுக்கிறோம். கீயோடு சேர்த்து ஒரு பதிவுக்கு 70 பைட் என்று வைத்தால் 10 கோடி கீக்கு 7 ஜிபி. வேல்யூ சில கிலோபைட் என்றால் இது நல்ல பேரம். வேல்யூ 20 பைட் என்றால் தரவை விட டேபிள் பெரிதாகிவிடும். பழைய பதிவுகளைக் களையும் மெர்ஜ் வேலையும் பின்னணியில் ஓட வேண்டும். அது ஓடும்போது டிஸ்க்கில் கூடுதல் இடம் தேவைப்படும்.

எதை எடுப்பேன்

தொடர்ந்து தரவு எழுதப்படுகிறது, கீகள் ராமில் அடங்கும் என்றால் பிட்காஸ்க் பாணி. அடங்காது என்றால் லாகோடு சேர்ந்த லீனியர் ஹாஷிங், சொந்தமாக எழுதுவதை விட ஏற்கெனவே பல வருடம் அடிபட்ட ஒன்று. எக்ஸ்டென்டிபிளை நான் தேர்ந்தெடுப்பது அரிது. ஓவர்ஃப்ளோ சங்கிலியே கூடாது, ஒவ்வொரு தேடலும் ஒரே அளவு நேரத்தில் முடிய வேண்டும் என்ற இடத்தில் மட்டும் அது ஜெயிக்கிறது.

இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை என்று வரிசையாகப் படிக்கும் தேவை ஒரு மூலையில் இருந்தால்கூட இந்த நான்கையும் விட்டுவிட்டு, கீகளை வரிசைப்படுத்தியே வைக்கும் பி-ட்ரீக்குப் போய்விடுங்கள். அதன் மேல் அடுக்குகள் எப்படியும் கேஷில் இருக்கும், தேடலுக்கு அதுவும் பெரும்பாலும் ஒரு டிஸ்க் வாசிப்புதான் கேட்கும்.

டிஸ்க்கில் ஹாஷ் டேபிள் வைக்கும் எதை எடுத்தாலும் ஹாஷ் ஃபங்ஷனின் பெயரையும் அதன் சீடையும் (ஹாஷ் கணக்கில் சேர்க்கும் தொடக்க எண்) தலைப்புப் பக்கத்தில் முதல் நாளே எழுதி வையுங்கள். கீகள் வெளியாட்களிடமிருந்து வருகின்றன என்றால் ஒரே பக்கெட்டைக் குறிவைத்து நிரப்ப முடியாதபடி சிப்ஹாஷ் போன்ற ரகசிய சீட் உள்ள ஒன்று வேண்டும். டிஸ்க்கில் ஒரு கோடி பதிவு சேர்ந்த பிறகு ஹாஷை மாற்றினால் ஒவ்வொரு பக்கெட்டும் இடம் மாறும், டேபிளை டிஸ்க்கில் வைக்கும் எந்த அமைப்பானாலும் முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டியதுதான்.