தூத்துக்குடில செல்ஃப் டிரைவ் கார் எடுக்கப் போறீங்களா? 15,000 போன என் கதைய படிச்சிட்டு எடுங்க

மக்களே, இப்பதான் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வந்து உக்காந்திருக்கேன், கோவத்துல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. தூத்துக்குடில இருந்து கார்ல ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, தேரிக்காடுன்னு கடற்கரை ரூட்ட பத்தி விவரமா ஒரு பதிவு போடணும்னுதான் போட்டோவெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். அதெல்லாம் போச்சு. இது 15,000 ரூபா டெபாசிட்ட முழுங்கிட்டானுவ அந்த கதை. கார் எடுக்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசில டீடெயிலா சொல்றேன்.

கோயம்புத்தூர்ல இருந்து தங்கச்சி குடும்பத்தோட லீவுக்கு வந்திருந்தா. நான், வீட்டம்மா, பையன், அம்மா, தங்கச்சி, மாப்ள, அவங்க பொண்ணு, ஆக ஏழு பேர். டிரைவரோட டாக்ஸி எடுத்தா ஏழு சீட்டர்ல ஒரு சீட் டிரைவருக்கு போயிரும், அம்மாவ வீட்ல விட்டுட்டு போகணும், அதுக்குதான் செல்ஃப் டிரைவ் எடுக்கலாம்னு மாப்ள சொன்னாரு. இன்ஸ்டால விளம்பரம் பாத்து ஒரு கடைக்கு போன் அடிச்சேன். கடைன்னா பெருசா ஒண்ணும் இல்ல, மாடில ஒரு ரூம், ஒரு டேபிள், சுவத்துல நாலஞ்சு கார் சாவி தொங்குது, அவ்வளவுதான். பேர் சொல்ல விரும்பல, சொன்னா அதுக்கும் ஏதாவது கேஸ் போடுவேம்பான்.

சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு போனேன். "வாங்க அண்ணாச்சி, எந்த ஏரியா?"ன்னு கேட்டாரு, சொன்னேன், "அட எங்க சித்தி வீடு அங்கனதான"ன்னாரு. டீ வாங்கிட்டு வரச்சொன்னாரு. 24 மணி நேரத்துக்கு வாடகை 3,200, 300 கிலோமீட்டர் லிமிட். டெபாசிட் போன்ல 10,000 சொல்லியிருந்தாரு, நேர்ல 15,000 ஆயிருச்சு, "ஏழு சீட்டர்ல அண்ணாச்சி, வண்டிய விட்டுட்டு அடுத்த நிமிஷம் திருப்பி போட்டுருவேன், நமக்குள்ள என்ன"ன்னாரு. பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வச்ச காசு அது. ஒரு நாள்தானன்னு ஜிபே பண்ணிட்டேன், அதுவும் அவர் நம்பருக்கு இல்ல, "வீட்டம்மா நம்பருக்கு போடுங்க"ன்னாரு, போட்டேன். ஒரு பேப்பர நீட்டினாரு, பாதி கட்டம் காலியா இருந்துச்சு, கையெழுத்து போட்டேன்.

வண்டிய சுத்தி ஒரு வீடியோ எடுத்துக்கலாம்னு போன வெளில எடுத்தேன் பாருங்க, சத்தியமா எடுத்தேன். அந்த நேரம் பாத்து ஆள் உள்ள போயி நாலு எலுமிச்சம்பழம் கொண்டாந்தாரு. "புள்ளைங்களோட போறீங்க, வச்சு எடுத்துருவோம்"னு சொல்லி அவரே குனிஞ்சு நாலு டயருக்கும் கீழ ஒண்ணொண்ணா வச்சாரு. எனக்கு மனசு அப்படியே உருகிருச்சு. இவ்வளவு அக்கறையா வழியனுப்புற மனுஷன் முன்னால போன தூக்கி வீடியோ எடுத்தா சந்தேகப்படுற மாதிரி இருக்குமேன்னு பாக்கெட்ல போட்டுட்டேன். பொட்டு பொட்டுன்னு பழம் நசுங்குச்சு, அதோட என் புத்தியும் நசுங்கிருச்சு.

ஞாயித்துக்கிழமை விடியுமுன்னால கிளம்பிட்டோம். உப்பளத்த தாண்டி முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி வழியா திருச்செந்தூர் ஒரு 40 கிலோமீட்டர், அதுல ஒரு குறையும் இல்ல. முருகன பாத்துட்டு இட்லி சாப்பிட்டுட்டு குலசேகரப்பட்டினம் தாண்டி மணப்பாடு போனோம். மணப்பாடு பாக்காதவங்க கண்டிப்பா போய் பாருங்க, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற மேடு, அது மேல திருச்சிலுவை ஆலயம், பக்கத்துல கடல பாத்தபடி பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்ததா சொல்ற குகை. அந்த மேட்டுல ஏறும்போதுதான் பிரச்சனையே. ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது, தீஞ்ச வாடை வேற. அம்மா பின்னால இருந்து "ஏய்யா, என்னமோ கருகுதே"ன்னாங்க. உடனே கடைக்காரருக்கு போன் போட்டேன். "ஏழு பேர் லோடு அண்ணாச்சி, டீசல் வண்டி அப்படித்தான் இருக்கும், தைரியமா போங்க"ன்னாரு. அந்த கால் என் போன்ல இன்னமும் இருக்கு, 11.20க்கு, ரெண்டு நிமிஷம். என்ன பேசினோம்னு ரெக்கார்டு மட்டும் இல்ல.

கன்னியாகுமரி வரைக்கும் போறதா பிளான், வண்டி மேல நம்பிக்கை இல்லாம உவரியோட திரும்பிட்டோம். வர்ற வழில உடன்குடில கருப்பட்டி வாங்கினோம், ரோட்டோரத்துல பதநீர்ல நுங்கு போட்டு பனை ஓலைல குடிச்சோம், புள்ளைங்க அத பத்திதான் இன்னைக்கும் பேசுதுங்க. சாயங்காலம் தேரிக்காடு. சிவப்பு மண்ணு வெயில் சாயும்போது தீப்பிடிச்ச மாதிரி இருக்கும், நடுவுல அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். வண்டிய தார் ரோட்டுலதான் விட்டேன், மணலுக்குள்ள ஒரு அடி கூட இறக்கல. புள்ளைங்க கால்ல ஒட்டின மண்ணு வண்டிக்குள்ள ஃப்ளோர் மேட்ல விழுந்துச்சு, ரோட்டுலயும் காத்துக்கு மண்ணு படிஞ்சுதான் கெடக்கும், டயருல ஒட்டத்தான் செய்யும். மொத்தமே 190 கிலோமீட்டர் சொச்சம்தான் ஓட்டியிருக்கேன்.

ராத்திரி எட்டரைக்கெல்லாம் வண்டிய கொண்டு போய் விட்டாச்சு. கடைல ஒரு பையன்தான் இருந்தான். செல் லைட்ட அடிச்சு ஒரு சுத்து சுத்தினான், "எல்லாம் ஓகேண்ணே, அண்ணன் வந்ததும் காசு போட்டுருவாங்க"ன்னான். மணப்பாட்டு மேட்டுல நடந்தத சொன்னேன், தலைய ஆட்டிக்கிட்டான்.

திங்கக்கிழமை முழுக்க போன எடுக்கல. வாட்ஸப்ல ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. செவ்வாக்கிழமை ஒரு பில் போட்டோ வருது. கிளட்ச் செட் மாத்தினது 14,600, வாட்டர் வாஷ் 400. கூட்டி பாருங்க, சரியா 15,000! ஒரு ரூபா முன்ன பின்ன இல்ல. பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இல்ல, வண்டி நம்பர் கூட இல்ல. கூடவே வாய்ஸ் மெசேஜ், "தேரிக்காட்டு மணல்ல இறக்கி கிளட்ச தீச்சிட்டீங்க அண்ணாச்சி, ஜிபிஎஸ்ல தேரின்னு காட்டுது, டயர் பூரா செம்மண்ணு". அப்ப மணப்பாட்டுல காலைல போன் பண்ணினேனே, தேரிக்கு போனதே சாயங்காலம்தானேன்னு கேட்டா, "அப்படி ஒரு போனே வரல"ங்கறான். இதுவரைக்கும் அவரு இவருன்னு எழுதிட்டேன், இனிமே முடியாது.

தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். மணல்ல சிக்கி அரை மணி நேரம் உறுமிக்கிட்டே கெடந்தா தீயும், ரோட்டுல ஓடின வண்டிக்கு ஒரே நாள்ல ஆகாது, இன்ஜின் கத்தி வண்டி நகரலன்னாலே அது முன்னாடியே தேஞ்சு போன பிளேட்டுன்னாரு. ஆக அவன் வண்டிக்கு கிளட்ச் மாத்த வேண்டிய காச என் தலைல கட்டியிருக்கான். மாத்தினானான்னே சந்தேகம், ஏன்னா புதன்கிழமை சாயந்திரம் பாளையங்கோட்டை ரோட்டுல அதே வண்டி, அதே நம்பர், யாரோ ஒரு குடும்பம் ஏறிக்கிட்டு இருக்கு. ஒர்க்‌ஷாப்ல கிளட்ச இறக்கி போட்டிருக்குன்னு அன்னைக்கு மத்தியானம்தான் சொன்னான். கிட்ட போய் பாத்தேன், பின் மட்கார்டுல அந்த செம்மண்ணு அப்படியே காஞ்சு போய் ஒட்டியிருக்கு! வாட்டர் வாஷுக்கு 400 ரூபா என்கிட்ட எடுத்திருக்கான் சார். 14,600 கூட ஆறிரும் போல, இந்த 400 ஆற மாட்டேங்குது.

வியாழக்கிழமை மாப்ளயும் நானும் கடைக்கு போனோம். ஆள் செல்போன விட்டு கண்ண எடுக்கல, உக்காருங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. "வண்டி என்னுது இல்ல, ஓனர்கிட்ட பேசிக்கோங்க." ஓனர் நம்பர் குடுங்கன்னா "அவர் துபாய்ல இருக்காரு." யார்கிட்டதான் பேசன்னு கேட்டா "எங்க வேணா போங்க, பேப்பர்ல நீங்கதான கையெழுத்து போட்டீங்க". அன்னைக்கு காலியா இருந்த கட்டத்துல எல்லாம் இப்ப எழுதியிருக்கு, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு.

இன்னைக்கு ஸ்டேஷனுக்கு போனா ஏட்டையா கேட்ட முதல் கேள்வி, "போர்டு என்ன கலர்?" வெள்ளைன்னேன். "வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு எடுத்ததே தப்பு, இதுல புகார் வேறயா"ன்னாரு. எனக்கு அப்பதான் உறைச்சுது. சொந்த உபயோகத்துக்கு வாங்கின வண்டிக்குதான் வெள்ளை போர்டு, செல்ஃப் டிரைவ் வாடகைக்குன்னு பெர்மிட் வாங்கினா கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு ஓட்டும்போது ஏதாவது ஆயிருந்தா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருப்பான். ஏழு உசுர வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன், நெனச்சா வயித்த கலக்குது. பாவம் அவர் திட்டினாலும் கடைக்கு போன் போட்டு பேசினாரு, "நாளைக்கு வர்றேன் சார்"னு சொன்னானாம்.

சரி, டீடெயிலா சொல்றேன்னு சொன்னேன், கை ஓடல, சுருக்கமா: கருப்பு போர்டு மஞ்சள் எழுத்து இல்லன்னா தொடாதீங்க. எடுக்கும்போதும் விடும்போதும் வீடியோ, மீட்டரோட, டயரோட, யார் எலுமிச்சம்பழம் வச்சாலும் சரி. காலி கட்டத்துல கையெழுத்து வேணாம். பொண்டாட்டி நம்பர் மச்சான் நம்பருக்கெல்லாம் டெபாசிட் போடாதீங்க. வழில வண்டி மக்கர் பண்ணினா போன்ல பேசாதீங்க, மெசேஜா போடுங்க, நான் கோட்ட விட்டது அங்கதான். 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சிருக்கேன். மாவட்ட கன்ஸ்யூமர் கோர்ட்டுல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, 15,000க்கும் போடலாம், போடப்போறேன்.

ரூட் பதிவு கேட்டவங்க மன்னிக்கணும், இப்ப அந்த போட்டோவ பாத்தாலே பத்திக்கிட்டு வருது. இத எழுதி முடிச்சிட்டு இப்பகூட ஒரு தடவ அவனுக்கு அடிச்சு பாத்தேன், ரெண்டு ரிங் போயி கட் பண்ணிட்டான்.