வாகனமற்ற நாள்: ஆண்டுக்கு ஒன்றா, வாரத்துக்கு ஒன்றா?

செப்டெம்பர் 22ஆம் திகதி உலக வாகனமற்ற நாள். அந்த ஒரு நாளில் மாத்திரம் மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்துவதா, அல்லது வாரந்தோறும் ஒரு நாள் நிறுத்துவதா என்ற பேச்சு கல்லடியில் எங்கள் வீட்டில் எழுந்தது. முதலாவதை இரண்டு ஆண்டுகள் செய்து பார்த்த பின்னர், மகளும் நானும் இப்போது புதன்கிழமைகளில் சைக்கிளில்தான் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குப் போகிறோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆண்டுக்கொரு நாளின் பலம், நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் அமைதியடைவது. 2015 செப்டெம்பர் 27ஆம் திகதி பாரிஸ் நகரின் நடுப்பகுதியில் கார்கள் நிறுத்தப்பட்டபோது, சில இடங்களில் வாகனப் புகையிலுள்ள நச்சு வாயுவான நைதரசனீரொட்சைட்டின் அளவு 40 சதவீதம் வரை குறைந்தது. புகை அங்கேயே, வண்டிக் குழாயிலிருந்து வருவதால் சில மணி நேரத்தில் குறைகிறது. அதே காரணத்தால் மறுநாள் காலையே திரும்பியும் விடுகிறது. இலங்கையில் 2022 ஜூலையில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சாதாரண வாகனங்களுக்கு எரிபொருள் கிடைக்காதிருந்த காலத்தில், கல்லடிப் பாலத்தில் நின்றால் கீழே தோணியின் துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது. ஒரு வீடு தனியே முயன்று அந்த அமைதியைக் கொண்டுவர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் எங்கள் ஊரில் புகையைக் காற்றே பெரும்பாலும் அள்ளிச் சென்றுவிடுவதால், ஆண்டு முழுவதும் எவ்வளவு பெற்றோல் எரிக்கிறோம் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் புவியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 2.3 கிலோகிராம் வெளியாகும். நாளொன்றுக்கு 10 கிலோமீற்றர் ஓடி, லீற்றருக்கு 45 கிலோமீற்றர் தரும் எங்கள் வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் மிச்சமாவது அரைக் கிலோகிராம். 52 நாட்கள் நிறுத்தினால் 26 கிலோகிராமுக்கு மேல்.

இந்தக் கணக்கையும் விட, என்னை முடிவெடுக்க வைத்தது சைக்கிளின் பராமரிப்பு. 2022இல் பெற்றோல் வரிசையில் களைத்துப்போய் வாங்கிய சைக்கிளை, வரிசைகள் ஒழிந்ததும் கொட்டிலில் சாத்தினோம். அடுத்த செப்டெம்பரில் வெளியே எடுத்தபோது உப்புக் காற்றில் செயின் செம்மண் நிறமாகி, மடிந்த இடத்திலேயே இறுகிக் கிடந்தது; பின் சில்லின் ரியூப் மடிப்பு விழுந்த இடத்தில் வெடித்திருந்தது; பிரேக் கட்டைகள் கல்லாகியிருந்தன. திருத்தும் கடையில் அரை நாள் போனது. மறு ஆண்டும் இதே கதைதான். வருடத்துக்கு ஒரு முறை தேவைப்படும் சைக்கிளை எவரும் பேணி வைப்பதில்லை. சைக்கிள் ஓடும் நிலையில் இல்லாத வீட்டில் வாகனமற்ற நாள் என்பது வீட்டிலேயே அடைந்து கிடக்கும் நாளாகிவிடுகிறது. வாரந்தோறும் ஓடும் சைக்கிளுக்கோ செவ்வாய் இரவு செயினுக்கு நான்கு சொட்டு எண்ணெயும் சில்லுகளுக்குக் காற்றும் போதும். கால்களுக்கும் இது பொருந்தும்: கச்சான் காற்று இன்னும் ஓயாத செப்டெம்பர் வெயிலில் பழக்கமில்லாமல் பாலம் ஏறிய மகள், அன்று மாலையே இனி வேண்டாம் என்றாள்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இரண்டு முறைகளும் உண்டு. ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை வீதிகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் விடும் வழக்கம் 1974இல் தொடங்கியது. ஆண்டுக்கொரு வாகனமற்ற நாள் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது, அதே ஆண்டு ஒக்டோபரில் மக்கள் வாக்களித்து அதை ஏற்றார்கள். கால் நூற்றாண்டுக் காலம் வாராவாரம் பழகியிருந்ததால்தான் அந்த வாக்கு கிடைத்தது என்று நான் நினைக்கிறேன்.

மாரிகாலத்தைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. ஒரேயொரு மாரியைத்தான் இப்படிக் கடந்திருக்கிறோம். அதிலும் மார்கழியில் மூன்று புதன்கிழமைகள் மழையால் தவறிப்போயின. அந்த வாரங்களிலும் செயினுக்கு எண்ணெய் விட்டு, மழை ஓய்ந்த வேளையில் ஒழுங்கையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் சைக்கிளை உள்ளே வைத்தோம்.