ஈகிளா, மேப்பிளா, கட்டியா? கையைச் சுட்டுக்கொண்ட பிறகு போட்ட வெள்ளிக் கணக்கு

நான் முதலில் வாங்கிய வெள்ளி நாணயம் நீல வெல்வெட் பெட்டியில் வந்தது. சேகரிப்பாளர்களுக்கென்றே அச்சடிக்கும், கண்ணாடிபோல் மின்னும் ‘புரூஃப்’ வகை. கூடவே வரிசை எண் போட்ட சான்றிதழ். இரண்டு ஆண்டு கழித்துப் பணத்தேவை வந்து விற்கப் போனேன். வியாபாரி பெட்டியையும் சான்றிதழையும் ஓரமாக நகர்த்திவிட்டு நாணயத்தை மட்டும் தராசில் வைத்தார். அன்றைய வெள்ளி விலைக்கு மேல் ஒரு காசு தர அவர் தயாராக இல்லை. இடையில் வெள்ளி விலை ஏறித்தான் இருந்தது; ஆனாலும் எனக்கு நஷ்டம். அந்தப் பெட்டியில் இப்போது சட்டைப் பொத்தான்கள் இருக்கின்றன.

ஆகவே சேகரிப்பாளர்களுக்கான நாணயங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அது வேறு கலை, வேறு கண். முதலீட்டுக்கென்றால் பேச வேண்டியவை அமெரிக்காவின் சில்வர் ஈகிள், கனடாவின் மேப்பிள் லீஃப், ஆஸ்திரியாவின் பில்ஹார்மோனிக், பிரிட்டனின் பிரிட்டானியா, இவற்றுக்கு எதிரே வெள்ளிக் கட்டிகள். இந்த நாணயங்கள் ஒவ்வொன்றிலும் இருப்பது ஒரு ட்ராய் அவுன்ஸ் வெள்ளி, அதாவது 31.1 கிராம். மேப்பிளின் தூய்மை 999.9, அதாவது ஆயிரம் பங்கில் 999.9 பங்கு வெள்ளி; மற்றவற்றுக்கு 999. அந்தக் கூடுதல் ஒன்பதுக்காக மயங்க வேண்டாம். ஓர் அவுன்சில் அது 0.03 கிராம்கூட வராது.

தூய்மையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. 1997 முதல் 2012 வரை வந்த பிரிட்டானியாக்கள் 958 தூய்மை கொண்டவை. ஓர் அவுன்ஸ் வெள்ளி அவற்றிலும் உண்டு, ஆனால் கலப்பு உலோகத்தையும் சேர்த்து எடை 32.45 கிராம் காட்டும். தராசைப் பார்த்து ‘போலி’ என்று பதறிவிடக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாணயத்தை அச்சடிக்க ஆகும் செலவு, அது தங்கமானாலும் வெள்ளியானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். தங்கத்தின் விலையில் அந்தச் செலவு கரைந்துவிடும். வெள்ளியில் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் உலோக விலைக்கு மேல் கொடுக்கும் பிரீமியம் வெள்ளி நாணயத்தில் சதவீதமாகப் பார்த்தால் கனமானது. வாங்கும்போது எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். விற்கும்போது அதில் எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்கவில்லை.

கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்கள். வெள்ளியின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். ஈகிளை 125-க்கு வாங்கி, அதே நாளில் விற்றால் 108 கிடைக்கிறது. மேப்பிள் 115-க்கு வாங்கி 104-க்குப் போகிறது. பெரிய கட்டி 108-க்கு வாங்கி 97-க்குப் போகிறது. விற்கும்போது அதிகம் கிடைப்பது ஈகிளுக்குத்தான். ஆனால் போட்ட பணத்தில் ஈகிள் விழுங்கியது 13.6 சதவீதம், கட்டி 10.2, மேப்பிள் 9.6. வெள்ளி விலை இதைவிடச் சற்று அதிகமாகவே ஏறிய பிறகுதான் நம் முதலே நம் கைக்கு வரும். உங்கள் வியாபாரி சொல்லும் எண்கள் வேறாக இருக்கும். போட வேண்டிய கணக்கு இதுதான். ஒரே நாளில், ஒரே இடத்தில், வாங்கும் விலையையும் திரும்ப எடுக்கும் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்புகிற இடத்தில் வாங்காதீர்கள்.

ஈகிள்காரர்கள் “கொடுத்த பிரீமியம் திரும்பி வரும்” என்பார்கள். அமெரிக்காவில் அதில் பாதி உண்மை இருக்கிறது. 1986 முதல் வருகிற நாணயம், அதை அறியாத வியாபாரி அங்கே இல்லை. வெளியே போனால் அந்த மரியாதை குறையும். மேலும் பிரீமியம் உலோகம் அல்ல, தட்டுப்பாட்டில் வீங்கும், பிறகு வற்றும். 2020 மார்ச்சில் சந்தையில் வெள்ளி விலை சரிந்தபோது, கையில் கிடைக்கும் நாணயங்களின் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அப்போது விற்றவர் பிழைத்தார், வாங்கியவர் வீக்கத்தையும் சேர்த்து வாங்கினார்.

கட்டியில் எனக்குள்ள தயக்கம் வேறு. ஒரு கிலோ கட்டியில் நூறு கிராமை மட்டும் வெட்டி விற்க முடியாது. வாங்குபவர் சோதித்துப் பார்க்க அவகாசம் கேட்பார். பெரிய கட்டியை நான் விற்றதில்லை, விற்ற நண்பர் ஒருவரின் அலைச்சலைப் பார்த்ததோடு சரி. மொத்தமாகப் போட்டு மொத்தமாக எடுப்பவருக்குக் கட்டியே சரியாக இருக்கலாம்.

நான் நின்ற இடம் மேப்பிள். 25 நாணயங்கள் கொண்ட குழாய்களாக வாங்குகிறேன். 2014 முதல் அதன் பரப்பில் கதிர்போல் நுண்கோடுகள் ஓடுகின்றன. அண்மை ஆண்டு நாணயங்களில் குட்டி இலை ஒன்றும் உண்டு, லென்ஸ் வைத்தால் அதற்குள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் தெரியும். வீட்டுச் சோதனையும் எளிது. நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து வலுவான காந்தத்துண்டை மேலே விட்டால், அது ஒட்டாது, சறுக்கியும் ஓடாது. தேனில் இறங்குவதுபோல் மெதுவாக இறங்கும். செம்பிலும் கொஞ்சம் அப்படி நடக்கும் என்பதால் எடையையும், 38 மில்லிமீட்டர் விட்டத்தையும், தடிமனையும் அளந்துவிடுவேன். செம்பு வெள்ளியைவிட லேசானது. எடை சரியாக இருந்தால் அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

மேப்பிளின் குறையை மறைக்க வேண்டியதில்லை. வெண்திட்டு. பால் தெளித்துக் காய்ந்ததுபோல் பரப்பில் வந்துவிடும், துடைத்தால் போகாது. 2018-இல் கனடா நாணயச்சாலை இதைக் குறைக்க ‘மின்ட்ஷீல்ட்’ என்ற மேற்பரப்புப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. என்னிடம் இருந்த பழைய குழாய் ஒன்றில் ஏழு நாணயங்களில் திட்டு. அவற்றையும் சேர்த்து விற்றேன். எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான் கிடைத்தது. சேகரிப்பாளரிடம் போயிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். கறுத்துப்போனாலும் மெருகேற்ற வேண்டாம். தேய்ப்பதில் வெள்ளிதான் போகும். பிவிசி உறையில் மட்டும் போட்டுவைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுத்துவிடும்.

பில்ஹார்மோனிக் 2008 முதல் வருகிறது, விளிம்பில் வரிகள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி மேப்பிளைவிடக் குறைவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். பிரிட்டானியா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் வாழ்பவருக்கு என் கணக்கு செல்லாது. அங்கே அது சட்டப்படி செல்லும் நாணயம் என்பதால் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வரி புகுந்தால் இடைவெளிக் கணக்கே தலைகீழாகும். வாழும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

ஈகிள்கள் ஐந்து இன்னும் வைத்திருக்கிறேன். அவற்றில் இருப்பது சிற்பி அடால்ஃப் வைன்மன் 1916-இல் அமெரிக்க அரை டாலர் நாணயத்துக்காகச் செதுக்கிய அந்த நடக்கும் பெண்ணுருவம், சூரியனை நோக்கிக் கை நீட்டியபடி. கணக்குப்படி அவற்றை எப்போதோ விற்று மேப்பிளாக்கியிருக்க வேண்டும். இரண்டு முறை எடுத்துக்கொண்டு போய், இரண்டு முறையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.