குவேக் ஆட எந்த ரெண்டரர் நல்லது?

1996 ஜூனில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் என்ற துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தை இப்போதுதான் முதல்முறை ஆடப் போகிறீர்களா? காட்சியைத் திரையில் வரையும் நிரல்தான் ரெண்டரர். அதைத் தேர்ந்தெடுக்கும்போது ரெசல்யூஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். இந்த ஆட்டத்தின் பயமே இருட்டில்தான் இருக்கிறது.

அசல் சாஃப்ட்வேர் மோடில் ஒவ்வொரு பிக்சலையும் பிராசஸரே வரையும். கையிருப்பு 256 நிறங்கள்தான். அவற்றில் கடைசி 32 நிறங்கள் எந்த இருட்டிலும் மங்காது. அதனால் கும்மிருட்டு நடைவழியில் சுவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விளக்குப் பலகை மட்டும் ஜொலிக்கும். வெளிச்சமும் டெக்ஸ்சரின், அதாவது சுவர் தரைகளில் ஒட்டிய படத்தின், சொந்த நிறத்தைப் போல இரு மடங்கு வரை ஏறும். ராக்கெட் வெடித்தால் பக்கத்துச் சுவர் பளீரென்று வெளுக்கும். தண்ணீருக்குள் இறங்கினால் திரை முழுக்க நெளியும். என்ன, 320×200 அளவில் தூரத்து எதிரி நாலைந்து புள்ளிகளாகத்தான் தெரிவான்.

1997 ஜனவரியில், கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு வரையும் ஜிஎல்குவேக் வந்தது. அந்தக் காலத்து 3டி கிராஃபிக்ஸ் கார்டான வூடூ வைத்திருந்தவர்களுக்கு 640×480ல் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்கு அது பெரிய விஷயம், மறுக்கவே முடியாது. ஆனால் மங்காத நிறங்கள் போய்விட்டன. வெளிச்சத்துக்கு உச்சவரம்பு விழுந்ததால் பிரகாசமான இடங்கள் தட்டையாகின. நீருக்கடி நெளிவும் காணாமல் போனது. டெக்ஸ்சர்களை மழுப்பியதில் துருவும் கல்லும் களிம்பு பூசினாற்போல் ஆயின. தண்ணீரை ஊடுருவிப் பார்க்கும் வசதி மட்டும் புதிது. அதற்கும் ஆட்டக் களமான மேப்பைத் திரும்பக் கணக்கிட்டுத் தயாரிக்க வேண்டும்.

1999 டிசம்பரில் மூல நிரல் வெளியானதால் இந்த இரண்டோடு நிற்க வேண்டியதில்லை. அந்த நிரலிலிருந்து பிறர் உருவாக்கிய குவேக்ஸ்பாஸம், விகேகுவேக், அயர்ன்வெயில் மூன்றுமே இழந்த நிறங்களையும் வெளிச்சத்தையும் மீட்டுத் தருகின்றன. பழைய கணினி என்றால் குவேக்ஸ்பாஸம் போதும். வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் இடைமுகம் ஓடும் கார்டில் விகேகுவேக் பிரமாதமாக ஓடும்.

என் ஓட்டு அயர்ன்வெயிலுக்கு. ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகத்தின் 4.3 பதிப்பைக் கேட்கும், அவ்வளவுதான். பழைய 256 நிறத் தோற்றத்தையே கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தில் காட்டும் 8 பிட் மோட் அதில் இருக்கிறது. டெக்ஸ்சர் மழுப்பலை அணைத்துவிட்டு, அந்த மோடையும் போட்டு, அறை விளக்கை நிறுத்திவிட்டு முதல் எபிசோடைத் தொடங்குங்கள்.