டொமைன் மாற்றிய பிறகு: பழைய பெயரை ஏன் இன்னும் புதுப்பிக்கிறேன்

சில வருடங்களுக்கு முன் என் தளத்தையும் மின்னஞ்சலையும் புதிய டொமைனுக்கு, அதாவது புதிய இணையப் பெயருக்குக் கொண்டுபோனேன். பழைய பெயர் நீளம். போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லி அலுத்துவிட்டது. புதியதை ஒரே தடவையில் புரிந்துகொள்கிறார்கள். அந்த வகையில் முழுத் திருப்தி. ஆனால் பழைய டொமைனுக்கு இன்றும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், நிறுத்தும் எண்ணமும் இல்லை.

தளத்தை மாற்றுவது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பழைய பக்கமும் புதிய தளத்தில் அதற்கு இணையான பக்கத்துக்குப் போகும்படி 301 ரிடைரக்ட் (நிரந்தரத் திருப்பிவிடல்) வைத்தேன். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அவற்றை இல்லாத பக்கங்களாகவே எடுத்துக்கொள்ளும். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவித்தேன். அந்த அறிவிப்பு 180 நாள் செல்லும். ரிடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். தேடலில் வருபவர்கள் கொஞ்ச காலம் குறைந்து, பிறகு பழையபடி வந்தார்கள்.

தளம் நடத்த வேர்ட்பிரஸ் மென்பொருளை வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். டேட்டாபேஸில் சில அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேமிக்கப்படுகின்றன. 24 என்று எழுதிவிட்டு அடுத்து 24 எழுத்து முகவரி இருக்கும். நேரடியாகப் பெயரை மட்டும் மாற்றினால் எண்ணிக்கை பொருந்தாமல் அந்த அமைப்பே படிக்க முடியாததாகிவிடும். வேர்ட்பிரஸுக்கான கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயில் உள்ள தேடி மாற்றும் கட்டளை எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்திவிடும்.

பழைய பெயருக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் (பாதுகாப்பான https இணைப்புக்கானது) வேண்டும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. பிரவுசர் முதலில் சான்றிதழைச் சரிபார்க்கும், அப்புறம்தான் ரிடைரக்டைப் பார்க்கும். சான்றிதழ் காலாவதியானால் வருபவர் கண்ணில் படுவது எச்சரிக்கைப் பக்கம்தான். பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்கும்படி பிரவுசருக்குச் சொல்லும் ஹெச்எஸ்டிஎஸ் முன்பே போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போகவும் வழியில்லை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள் சான்றிதழ். தானாகப் புதுப்பிக்கும் பட்டியலில் இரண்டு பெயர்களும் இருக்கட்டும்.

என் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் பட்ட சிரமமும் உண்டு. உள்நுழைந்ததை பிரவுசரில் நினைவில் வைக்கும் குக்கீ பழைய பெயரோடு கட்டுண்டது என்பதால் எல்லோரும் மறுபடி உள்நுழைய வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு மேனேஜர் புதிய பெயரைப் பார்த்துவிட்டு ஒன்றும் நிரப்பாமல் நின்றது. போலித் தளத்திடம் சிக்காமல் இருக்கத்தான் அது அப்படிச் செய்கிறது, சரிதான். ஆனால் 'பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை' என்று கேட்டு வந்த கடிதங்களுக்கெல்லாம் நான்தானே பதில் எழுத வேண்டும்? பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் பாஸ்கீயை வைத்து உள்நுழையும் தளமென்றால் இன்னும் யோசியுங்கள். பாஸ்கீ உருவான டொமைனோடு பிணைந்தது, தானாக இடம் மாறாது.

உண்மையில் என்னை இழுத்தடித்தது மின்னஞ்சல். கடிதம் உண்மையில் என் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றையும் ஒழுங்காக வைத்தும், ஆரம்பத்தில் என் கடிதங்கள் சிலருக்கு ஸ்பாமில் போய் விழுந்தன. பெயர் புதிது, அதை நம்ப நாளாகும். அதுகூடப் பரவாயில்லை. பழைய முகவரிக்கு வருவதை ஒரு தனி ஃபோல்டரில் விழவைத்தேன். முதலில் தினமும் நிறைந்தது. முகவரி மாற்ற வேண்டிய இடங்களின் பட்டியலாகவே அதைப் பயன்படுத்தினேன். தினசரி கடிதங்கள் சீக்கிரம் நின்றன. வருடத்துக்கு ஒரு முறை மட்டும் எழுதும் காப்பீடு, எப்போதோ வாங்கிய மென்பொருளின் உரிமப் புதுப்பிப்பு போன்றவை தங்கள் நேரத்தில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. சில சேவைகளில் முகவரியை மாற்றவே இடமில்லை. கணக்கை மூடிப் புதிதாகத் திறக்கச் சொல்கிறார்கள்.

பழைய பெயரை விடாததற்கும் இதுதான் காரணம். .காம் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டு, அது நீக்கப்பட்டால், மீட்க 30 நாள், அதன்பின் 5 நாள் காத்திருப்பு, பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதில் அஞ்சல் பெட்டி திறந்தால், நான் மறந்துபோன கணக்குகளின் பாஸ்வேர்டு மீட்புக் கடிதங்கள் அவர் கைக்குப் போகும். அதனால் தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டுவைத்து, டொமைனைப் பதிவு செய்து தரும் பதிவாளரிடம் கொடுத்த தொடர்பு மின்னஞ்சலை, டொமைனில் சிக்கல் வந்தாலும் அவர்கள் கடிதம் எனக்கு வந்துசேரும்படி, இந்த இரண்டு டொமைன்களையும் சேராத வேறொரு முகவரியாக மாற்றியிருக்கிறேன்.